ஆடும் கல்

கையில் ஒரு கிளிக்கர், மடியில் ஒரு படிவம்.
காலை எட்டு முதல் பதினொன்று வரை
நூலகத் திருப்பத்தில் உட்கார்ந்து
நடப்பவர்களை எண்ண வேண்டும்.
ஓசூரில் ஐந்தரைக்குப் பஸ் ஏறி வருகிறேன்,
நாளுக்கு எழுநூறு ரூபாய்.
பல்கலைக்கழகத்துக்குத் தெரிய வேண்டுமாம்
தன்னிடம் எத்தனை கால்கள் இருக்கின்றன என்று.

முதல் நாளே படிவம் போதவில்லை.
பைக்கைத் தள்ளிக்கொண்டு போகிறவன் நடப்பவனா?
சாம்பார் வாளியோடு
கேன்டீனுக்கும் விடுதிக்கும் ஆறு நடை போகிற
குருபசம்மா ஒருத்தியா, ஆறு பேரா?
நடைபாதையில் யாரோ டீனின் வெள்ளை இன்னோவா.
அதற்காகச் சாலையில் இறங்கி
பஸ்ஸுக்கு முதுகு ஒடுக்கி
மறுபடி ஏறுகிறவர்களை
எந்தக் கட்டத்தில் போட?
கட்டத்துக்கு வெளியே, ஓரத்தில்,
பென்சிலால் குறித்துவைத்தேன்:
இறங்கியவர்கள் 412.

எட்டு நாற்பதுக்கு ரூபாவதி வருவாள்.
தங்கவயல்காரி, வரலாற்றில் ஆய்வு.
வெள்ளைக்கோல் முன்னே போக
உதடு அசைய எண்ணிக்கொண்டே பின்னால் அவள்.
கிளிக் சத்தத்துக்கு நின்றாள்.
‘என்னா எண்றீங்க?’
‘ஆளுங்கள.’
‘நான் எத்தினியாவது?’
‘முந்நூத்தி இருபது.’
‘நான் ஆயிரத்தி நூத்தி ஆறு.
விடுதிலருந்து இங்க வரைக்கும்.
பேச்சு குடுத்து மறக்கடிச்சிடாதீங்க.’

அப்புறம் தினமும் கணக்கு கேட்டேன்.
செவ்வாய், ஜெனரேட்டர் வண்டி: இருபத்தைந்து அடி கூடுதல்.
புதன், யாரோ ‘ஐயோ பாவம்’ என்று கையைப் பிடித்து
அவள் கேட்காத எதிர்ப்பக்கத்தில் கொண்டுபோய் விட்டுவிட்டார்.
எல்லாம் போச்சு, ஒன்றிலிருந்து தொடங்கினாளாம்.
வியாழன், நடைபாதையில் நின்ற ஸ்கூட்டரின் கண்ணாடி.
கைக்குட்டையால் உதட்டை அழுத்திக்கொண்டு போனாள்.
எண் சொல்லவில்லை.
நானும் கேட்கவில்லை.

அறிக்கை போனது. கூட்டம் நடந்தது.
எண்ணியவனை யார் கூப்பிடுவார்கள்?
ஓரத்துப் பென்சில் எண்ணைத் திரையில்
ஆளுயரத்துக்குக் காட்டினார்கள் என்று
பியூன் ரேவண்ணா சொல்லித்தான் தெரியும்.

டபேபுயா கொட்டத் தொடங்கிய வாரத்தில்
வாசலில் இரும்புத் தூண்கள் ஊன்றினார்கள்.
கார்கள் வெளியோடு நின்றன.
மறுநாள் காலை
எல்லாரும் ரகசியம் பேசுவதுபோல் இருந்தது.
கொஞ்ச நேரம் கழித்துத்தான் உறைத்தது:
இத்தனை நாளும் கத்திக்கொண்டிருந்திருக்கிறோம்.

நடுத்தூணுக்கு ஒரு பூட்டு.
அதற்கு ஒரு சாவி வேண்டுமென்று
துணைவேந்தரின் டிரைவர் நின்றார்.
கிடைத்தது.

என்னை மறுபடி வரச் சொன்னார்கள்,
‘வேலைக்குப் பின்’ என்று தலைப்பிட்ட புதுப் படிவத்தோடு.
எட்டு முப்பத்தெட்டுக்கே ரூபாவதி.
தடையே இல்லை. கோல் துள்ளி வருகிறது.
என்னைத் தாண்டி, நாகலிங்க மரத்தைத் தாண்டி,
நூலகத் திருப்பத்தையும் தாண்டி
சைக்கிள் கொட்டகைச் சுவரில் போய் நின்றாள்.
‘டக்டக் கல்லு எங்க?’

சாக்கடை மூடிய கருங்கல் பலகை.
மிதித்தால் முன்னால் ஒரு டக், பின்னால் ஒரு டக்.
எல்லாருக்கும் அது இடறல்.
அடிக்கணக்கு எப்படிப் பிசகினாலும்
அவள் திரும்பும் இடம் அது.
பழைய படிவத்தில், பழுதுகள் என்ற கட்டத்தில்,
முதல் வரியாக அதை எழுதியவன் நான்.

அவளிடம் சொன்னேன்.
வைவாள் என்றிருந்தேன்.
‘உங்க வேல அது’ என்றாள்.
வைதிருக்கலாம்.

ராய்ச்சூர் மேஸ்திரி ஹனுமேஷ்
பூச்சு காயாத பலகையைக் கடப்பாரையால் நெம்பினார்.
என் அரைக் கன்னடத்தை வெகுநேரம் கேட்டு,
சரி செய்ய இல்லையா, கெடுக்கவா,
என்று இருமுறை உறுதி செய்துகொண்டு
அடியில் ஒரு சில்லு வைத்தார்.
அவள் ஏறி நின்றாள். ஒன்றுமில்லை.
சில்லை நகர்த்தினார்.
டக்.
‘இன்னும் கொஞ்சம்,’ என்றாள்,
வீணைக்குச் சுருதி பார்ப்பவள்போல்.
டக், டக்.

பத்தே காலுக்குக் காபிக் கோப்பையோடு ஒரு பையன்
அதில் கால் வைத்தான். சட்டையெல்லாம் காபி.
புதுசாப் போட்டும் இந்த லட்சணம்,
எவன் கட்டினான், எவன் பார்த்தான் என்று
என்னைப் பார்த்தே திட்டிவிட்டுப் போனான்.

அவனையும் ஒன்று என்று அழுத்தினேன்.